வாங்குகிறவன் தோட்டத்தைப் பார்த்து வா

பழனிக்குப் பக்கத்தில், பாலாறு–பொருந்தலாறு அணையை ஒட்டிய ஊர் எங்கள் பாலசமுத்திரம். தென்னை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் வந்து, "பித் பிளாக் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பலாம்னு இருக்கேன் தாத்தா" என்கிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பேச்சை எடுத்ததுமே பிரஸ் மெஷின் விலை, பாங்க் லோன், மானியம் என்று போய்விடுகிறார்கள். வாங்கப் போகிறவன் யார், அதில் என்ன பயிர் வைக்கப் போகிறான் என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மட்டை மில்லில் நார் எடுத்ததுபோக மிஞ்சும் தூள்தான் பித்; அதை அழுத்திக் கட்டியாக்கினால் பிளாக். அந்தத் தூளுக்கு ஒரு காலத்தில் மதிப்பே கிடையாது. மேடு மேடாகக் குவிந்து கிடக்கும். தீ வைத்துவிட்டால் நாள்கணக்கில் புகையும். அந்தத் தூளில்தான் இன்றைக்கு நெதர்லாந்திலும் தென்கொரியாவிலும் பசுமைக்குடில் விவசாயிகள் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் வளர்க்கிறார்கள். செடி வளர்க்கச் சதுப்பு நிலத்தை வெட்டி பீட் என்ற மட்கு எடுப்பதற்கு ஐரோப்பாவில் எதிர்ப்பு வலுத்ததும் இதற்கு வழிவிட்டது. 2020-21இல் இந்தியாவின் கயிறுப் பொருள் ஏற்றுமதி கயிறு வாரியக் கணக்கில் சுமார் 3,779 கோடி ரூபாய். அதில் முதலிடம் பித்துக்குத்தான்.

அந்த விவசாயி நம் பிளாக்கின் பளபளப்பைப் பார்ப்பதில்லை. முதலில் கேட்பது இ.சி. எவ்வளவு என்று, அதாவது உப்பின் அளவு. தென்னை மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் இயல்பாகவே அதிகம். அப்படியே நாற்று வைத்தால் வேர் கருகும். நல்ல தண்ணீரில் கழுவி இ.சி.யை 0.5க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதன் பிறகும் தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம் போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால்தான் அது விட்டுக்கொடுக்கும். இதைத்தான் பஃபரிங் என்கிறார்கள். காயப்போடும் களம் வெறும் மண்தரையாக இருந்தால் களைவிதை கலந்துவிடும். அவன் குடிலில் நம் ஊர்க் கோரை முளைத்தால் அடுத்த கண்டெய்னருக்கு ஆர்டர் வருமா? சிமெண்ட் களத்துக்குப் போடும் காசை வீண்செலவு என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1990இல் நார்வர், ஸ்லேட்டர் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், ஒரு பெரிய கம்பெனியின் மரப்பொருள் தொழில் பிரிவுகளை ஆராய்ந்து எழுதினார்கள். வாடிக்கையாளரை அறிவது, போட்டியாளரைக் கவனிப்பது, கம்பெனிக்குள் எல்லாரும் அந்தச் செய்தியைப் பகிர்ந்து சேர்ந்து வேலை செய்வது என்ற மூன்றும் லாபத்தோடு எப்படிச் சேர்கின்றன என்று பார்த்தார்கள். மூன்றாவதைத்தான் நம் ஊரில் கோட்டை விடுகிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் புகார் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. களத்தில் தூளைக் கிளறும் அக்காவுக்கு அது தெரிந்தால்தானே கல்லும் நாரும் சலித்துப் போகும்?

ஒரே வாடிக்கையாளரை நம்பி நார் விஷயத்தில் பட்டுமிருக்கிறோம். தமிழ்நாட்டு நாரில் பெரும்பகுதி மெத்தைக்காகச் சீனாவுக்குத்தான் போனது. அவர்கள் வாங்குவதைக் குறைத்ததும் விலை சரிந்தது, மில்கள் தடுமாறின. விலை நன்றாக இருந்த நாளிலேயே வேறு நாட்டையும் வேறு பொருளையும் தேடியவர்களுக்குத்தான் மூச்சுவிட முடிந்தது. தேடுவதற்குக் கையில் காசும் மனதில் நிதானமும் வேண்டும். நெருக்கடி வந்தபின் இரண்டும் இருக்காது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பித்தைக் கழுவிவிட்ட தண்ணீர் உப்போடு நிலத்தில் இறங்கினால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு கெடும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் பித் ஆலைகளை, மாசு இல்லாத தொழில்களுக்கான வெள்ளை வகையிலிருந்து கட்டுப்பாடு கூடிய ஆரஞ்சு வகைக்கு மாற்றியதற்குப் பின்னால் இந்தக் கவலைதான் இருந்தது. அதைத் தொழிலுக்கு வந்த தொந்தரவாக நான் நினைக்கவில்லை. அதே கிணற்றுத் தண்ணீரில்தான் நாமும் கழுவியாக வேண்டும்; அது உப்பானால் இ.சி. எங்கே இறங்கும்? அதனால் இடம் பார்க்கக் கிளம்பும் பிள்ளைகளிடம், கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் அந்த ஊர்த் தூளை ஒரு பையிலும் எடுத்து லேபுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்கிறேன். ரிசல்ட் வரட்டும், மெஷின் கொட்டேஷனை அதற்குப் பிறகு பிரிக்கலாம்.