திரும்பி வந்த கட்டுரை

மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது இலக்கியக் கட்டுரை ஒன்று. யாம் எழுதப் புகுந்ததோ பௌதிகவியலாளர் சிலரைப் பற்றி. தமிழாசிரியருக்கு இத்துறையில் என்ன வேலை எனப் பழைய மாணவர் நகைத்தல் கூடும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் (1892–1947) பயிற்றப்பட்ட ஆசிரியராய்த் தொடங்கி, விஞ்ஞானம் கற்பித்து, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் ஒருங்கே தாங்கியவர். அவர் உலாவிய இவ்வாவிக் கரையில் அவ்வினாவிற்கு வேறு விடை வேண்டா.

எம்மை இப்பொருளுக்கு ஈர்த்தவன் எம் வகுப்பு மாணவன் ஒருவன். போட்டியொன்றிற்கு அவன் அனுப்பிய கட்டுரை ஒரு சொல் விளக்கமுமின்றித் திரும்பி வந்தது. அன்று தொட்டு அவன் கட்டுரைக் கொப்பியைத் திறக்கவில்லை. அவனுக்குச் சொல்லவென யாம் தேடிய கதை பீற்றர் ஹிக்ஸ் என்பாருடையது.

எடின்பரோப் பல்கலைக்கழக விரிவுரையாளராயிருந்த ஹிக்ஸ், துணிக்கைகள் சில திணிவு பெறுவது எவ்வாறு என்பதை 1964இல் ஆராய்ந்தார். வெளியெங்கும் ஒரு புலம் நிறைந்துளது. அதனோடு ஊடாடுவன திணிவு பெறும். ஒளித்துணிக்கை போன்று ஊடாடாதன பெறா என்பது கொள்கை. கரையில் ஓடும் சிறுவன் இடுப்பளவு வாவி நீரில் இறங்கின் விரைவு குன்றுவான். மீனோ வழுக்கிச் செல்லும் என யாம் உவமித்தோம். நீர் இயக்கத்தைத் தடுக்கும், புலமோ தடுப்பதில்லை எனப் பௌதிக ஆசிரியர் உடனே மறுத்தார். ஒருபுடை ஒப்புமை எமக்குப் போதும், அவருக்குப் போதாது.

இது பற்றி ஹிக்ஸ் எழுதிய இரண்டாவது கட்டுரையை ஐரோப்பிய இதழொன்று ஏற்காது திருப்பிற்று. அவர் அதனைக் கிழித்தெறிந்தாரல்லர். இறுதியிற் சில வரிகள் சேர்த்தார்: இக்கொள்கை மெய்யாயின் புதிய துணிக்கையொன்று இருத்தல் வேண்டும் என்று. அமெரிக்க இதழொன்று அதனை அவ்வாண்டு ஒற்றோபரில் வெளியிட்டது. இன்று அவர் பெயர் நிற்பது, திரும்பி வந்திராவிடின் ஒருவேளை எழுதப்பட்டேயிராத அவ்வரிகளால். திருப்பியனுப்பிய இதழின் ஆசிரியர் இருந்த இடம் ஜெனீவாவின் சேர்ண் ஆய்வுகூடம். 48 ஆண்டுகளின் பின், 2012 யூலை 4இல், அத்துணிக்கை அகப்பட்டதென அறிவிக்கப்பட்டதும் அவ்விடத்தேதான்!

அதனைக் 'கடவுள் துணிக்கை' என்பாருமுளர். ஹிக்ஸ் அப்பெயரை விரும்பவில்லை, எமக்கும் உடன்பாடில்லை. 'ஹிக்ஸ் போசன்' என்பதே தக்கது. போசனத்திற்கும் இதற்கும் தொடர்புண்டோ என வகுப்பிற் கேட்டனர். சிரித்து முடிந்தபின் சத்தியேந்திரநாத் போஸ் பற்றிச் சொன்னோம். டாக்காப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த அவர் 1924இல் தம் கட்டுரையை ஐன்ஸ்ரைனுக்கு அனுப்ப, அப்பேரறிஞர் தாமே அதனை ஜேர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். அவர் காட்டிய கணிப்பு முறைக்கு அமையும் துணிக்கைகளுக்கே 'போசன்' என்று பெயர். வங்க மொழியில் விஞ்ஞானம் பரப்ப 1948இல் கழகமொன்று நிறுவியவரும் அவரே. நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை.

துணிக்கையை முன்னறிந்தோருக்கான அப்பரிசு 2013இல் ஹிக்சுக்கும் பெல்ஜியத்தின் பிரான்சுவா எங்கிளேருக்கும் உரியதாயிற்று. எங்கிளேரோடு சேர்ந்து, ஹிக்சிற்குச் சற்று முன்னரே எழுதி வெளியிட்ட றொபேட் பிரௌட் 2011இல் மறைந்துவிட்டார். மறைந்தோருக்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. அதே 1964இல் இக்கருத்தைத் தாமும் கண்ட குரால்னிக், ஹேகன், கிபிள் மூவரும் விடுபட்டனர். அமெரிக்கப் பௌதிகவியற் சங்கம் 2010இல் சக்குராய் பரிசை அறுவருக்கும் ஒருங்கே அளித்திருந்தது. எம் மனம் அப்பட்டியலையே நாடுகிறது.

நோபல் அறிவிப்பு வந்த நாளில் 84 வயது ஹிக்ஸ் வீட்டிலில்லை, கைத்தொலைபேசியும் அவரிடமில்லை. முன்னாள் அயலவரான ஓர் அம்மையார் எடின்பரோத் தெருவிற் காரை நிறுத்தி இறங்கி வாழ்த்துக் கூறினார். என்ன செய்தி என்று ஹிக்ஸ் அவரையே கேட்டாராம்.