எந்த மணி நேரத்துக்கு வீதி?

வீதியை மேம்படுத்தத் திட்டமிடுபவர் அகலத்தைத் தீர்மானிக்கும் முன், எந்த மணி நேரத்துக்காகக் கட்டுகிறோம் என்று தீர்மானிக்க வேண்டும். ஆண்டின் 8,760 மணி நேரங்களையும் வாகன எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கி, 30ஆவதாக வருவதை அளவாகக் கொள்வது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். அதற்கு மேலுள்ள 29 மணி நேரங்களில் வரிசை நிற்கட்டும் என்று விட்டுவிடுவோம். பெரும்பாலான வீதிகளில் இந்தக் கணக்கு பெரிதாகப் பிழைக்காது. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் பிழைக்கும். ஏப்ரல் சீசன், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை, இடையிடையே நீண்ட விடுமுறைகள் என்று உச்ச மணி நேரங்கள் முப்பதுக்குள் அடங்குவதில்லை. 30ஆவது மணி நேரமும் வெளியூர் விருந்தாளிகளுடையதே. அந்த அளவுக்குக் கட்டினால், சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் பாடசாலைக்கும் கடைத்தெருவுக்கும் போகிறவரின் தேவை கணக்கிலேயே வராது.

விருந்தாளியின் மணி நேரத்துக்கு நான்கு தடம் வேண்டும். நான்கு தடத்துக்கு மலையை வெட்ட வேண்டும். சரிவின் அடியை வெட்டினால் மேலிருக்கும் மண் தாங்கலை இழக்கிறது. வெட்டியதைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி அகலப்படுத்தினால் அது மழையில் ஊறி இறங்குகிறது. மேலும் கீழும் தேயிலை மட்டுமா இருக்கிறது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் இருக்கின்றன. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் மலையக வீதிகள் பல மண்சரிவால் மூடுண்டன. மூடிக் கிடக்கும் வீதிக்கு எத்தனை தடம் இருந்தாலும் கொள்ளளவு பூச்சியம்தான். ஆகவே கானுக்கும் மதகுக்கும் தாங்குசுவருக்கும் செலவழிப்பதை நெரிசல் குறைப்பு வேலையாகவே எழுத வேண்டும். பராமரிப்பு என்ற தலைப்பில் போட்டால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். செங்குத்தான ஏற்றத்தில் சுமையோடு ஊரும் ஒரு லொறி பல கார்களின் இடத்தைப் பிடிக்கிறது. நிலம் உறுதியான இடங்களில் சில நூறு மீற்றருக்கு ஏறுதடம் போட்டால் பின்னால் வருபவை கடந்துவிடும். மிச்ச நெரிசல் டவுனில். ஹட்டனில் பஸ், ஆட்டோ, நிறுத்திய வான், நடப்பவர் எல்லாருக்கும் ஒரே பிரதான தெரு. அதை ஒழுங்கு செய்யாமல் வெளியே தடம் கூட்டினால், வரிசை டவுன் வாசலுக்குச் சற்று விரைவாக வந்து சேரும், அவ்வளவே.

சுற்றுலாவை நம்பிய ஊராயிற்றே என்பார்கள். உண்மைதான். ஆனால் நுவரெலியாவில் சீசனுக்குப் போதாமல் போவது வாகனத் தரிப்பிடம். நானுஓயாவில் கார்களை நிறுத்தி, வருபவர்களை பஸ்ஸில் ஏற்றலாம். 1885இல் ரயில் வந்த இடம் அது. அங்கிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஓடிய சின்ன ரயிலை 1940களில் நிறுத்திவிட்டு, இன்று அதே தூரத்துக்கு வழி தேடுகிறோம். குறுக்குவழி போதாதா என்றால், நானுஓயாவுக்கு ரதல்ல குறுக்குவழி இருக்கிறது. தூரம் குறைகிறது, சரிவு கூடுகிறது. 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வானும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் இறந்தார்கள்.

கனமான மறுப்பு நோயாளியைப் பற்றியது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போகும் அவசரத்துக்கு அகலமான வீதி வேண்டாமா? பல தோட்டங்களில் அந்த அவசரம் முதலில் சிக்குவது லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் உடைந்த பாதையில். அந்தப் பாதை எங்கள் வாகனக் கணக்கெடுப்பில் இல்லை. பிரதான வீதியோரம் நடைபாதையின்றி நடக்கும் பிள்ளைகளும் இல்லை, ஏனென்றால் படிவத்தில் கார், பஸ், லொறிக்குத்தான் கட்டம் இருக்கிறது. ஆட்களுக்கும் ஒரு கட்டம் போட்டு, பாடசாலை நாளொன்றில் ஹட்டனிலும் கொட்டகலையிலும் எண்ணத் தொடங்கலாம்.