மூன்றாவது ஓனருக்குக் கடிதம் வராது

'டெல்லி வண்டி' என்றால் பழைய கார் வாங்குபவர்களுக்கு உடனே புரியும். பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதனால் ஒன்பது வயதை எட்டும்போதே அங்கிருந்த சொகுசு எஸ்யூவிகள் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கிக்கொண்டு தெற்கே கிளம்பின. ஒரு காலத்தில் அரைக் கோடிக்கு மேல் விலைபோன வண்டி, இங்கே சாதாரணப் புதுக் காரின் விலைக்குக் கிடைத்தது. நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். எனக்கு முன் இரண்டு ஓனர்கள். விபத்தில் சிக்கியதா, மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா, லோன் பாக்கி உண்டா என்றெல்லாம் விசாரித்துத்தான் வாங்கினேன்.

ஏசி போட்டால் உள்ளே லேசாக டீசல் வாடை வரும். "பழைய டீசல் வண்டின்னா வாடை வரத்தான் சார் செய்யும்" என்றார் மெக்கானிக். மனம் ஒப்பவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். சேஸிஸ் நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டதுமே அங்கிருந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். "சார், இந்த வண்டிக்கு ஒரு ரீகால் இன்னும் முடிக்காம இருக்கு." குறையைச் சரிசெய்து தர கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பதுதான் ரீகால்.

பானெட்டைத் திறந்து, இன்ஜின் மேல் ஓடும் டீசல் ஹோஸை வெள்ளைத் துணியால் துடைத்து, இரண்டு விரலால் மெல்ல வளைத்துக் காட்டினார். ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. ஓரங்களில் டீசல் கசிந்து மினுங்கியது. ஒரு சாண் தள்ளி, சூடேறிக் கிடந்த டர்போ. அந்த வண்டியில்தான் என் குழந்தைகளை உட்காரவைத்து ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

ரீகால் கடிதம் பல வருடங்களுக்கு முன்பே முதல் ஓனரின் முகவரிக்குப் போய்விட்டதாம். என் பெயர் அந்தக் கம்பெனியின் பதிவில் எங்கேயுமே இல்லை.

பழைய சொகுசு வண்டியின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சில குறைகள் வயதான பிறகே தலைகாட்டும்; அதற்குள் வண்டி கைமாறியிருக்கும். மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 2004-க்கும் 2015-க்கும் இடையே தயாரித்த எம்எல், ஜிஎல் எஸ்யூவிகளையும் ஆர்-கிளாஸ் கார்களையும் 2022-ல் உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. சுமார் 10 லட்சம் வண்டிகள். பிரேக் பூஸ்டர் துருப்பிடித்து, பிரேக்கே பிடிக்காமல் போகலாம் என்பது காரணம். டகாடா நிறுவனம் தயாரித்த ஏர்பேக் விவகாரமும் அப்படித்தான். ஏர்பேக்கை ஊதவைக்க உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் வெயிலும் ஈரப்பதமும் பட்டுப் பட்டுக் கெட்டுப்போனது. விபத்தின்போது காக்க வேண்டிய ஏர்பேக்கே உலோகச் சில்லுகளை முகத்தில் வீசியது. அமெரிக்காவில் மட்டும் 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெயிலும் ஈரப்பதமும் சென்னைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் ரீகாலைக் கட்டாயமாக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. அபராதம் 1 கோடி ரூபாய் வரை போகும். ஆனால் அந்த விதி ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். அதற்கு மேற்பட்டவற்றை, தயாரித்த நிறுவனம் தானாக முன்வந்து அழைத்தால்தான் உண்டு.

மாற்று ஹோஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள் என்றார்கள். வண்டி வீட்டு வாசலில் நின்றது. அப்போதுதான் புரோக்கர் போன் செய்தார். "எதுக்கு சார் தலைவலி? பார்ட்டி ரெடியா இருக்கு. ரீகாலைப் பத்தியெல்லாம் யார் கேக்கப் போறாங்க?"

சபலம் தட்டியது. அதை மறைக்க விரும்பவில்லை. போட்ட பணம் திரும்பி வரும், தொல்லை விடும் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டேன். ஆனால் எனக்கு விற்றவருக்கு இது தெரிந்திருக்குமா என்ற கோபம் பல நாளாக உள்ளே எரிந்துகொண்டிருந்தது. அவர் அறியாமல் விற்றிருக்கலாம். நான் விற்றால், அறிந்தே விற்றவன் ஆவேன். புரோக்கரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஹோஸ் வந்தது. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். வேலை முடிந்தது என்று சேஸிஸ் நம்பர் போட்டுத் தாளில் எழுதி வாங்கி, ஆர்சி புக்கோடு வைத்திருக்கிறேன்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்சியில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, ரீகால் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கிய கையோடு உங்கள் பெயரையும் போன் நம்பரையும் அங்கே பதியவையுங்கள். விற்கும்போது, தெரிந்த குறையை வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்கு வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.