மோட்டார் ரூமில் ஒரு ஜப்பான் காதல்

போன வாரம் எங்களுக்கு நைட் கரண்ட். ராத்திரி சாப்பிட்டதும் டார்ச்சும் போர்வையுமாக மோட்டார் ரூமுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். த்ரீ பேஸ் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு மஞ்சள் காட்டில் மடை மாற்ற வேண்டும். புதன்கிழமை டீ கொண்டு வந்த வீட்டுக்காரி வாசப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏனுங், தனியா உக்காந்து என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?"

கையில் இருந்த புத்தகத்தை ஒளிக்க இடமில்லை. 48 வயசு ஆள், பள்ளிக்கூடத்துப் பையனும் புள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முழிக்கிற ஜப்பான் படக்கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "பாப்பாவோட புஸ்தகம்"னு நீட்டினேன். புரட்டிப் பார்த்தாள். மாட்டுப் படம் போட்டிருந்ததால் ஏதோ விவசாயப் புத்தகம் என்று நினைத்துப் போய்விட்டாள். அவள் நினைத்ததிலும் பெரிய தப்பில்லை.

நகரத்தில் இருக்கிற நண்பர்கள் பலருக்கு மாங்கா என்றால் இப்போது தெரிந்திருக்கும். எனக்கு ஆறு மாதம் முன்புவரை ஊறுகாய் ஞாபகம்தான். பிளஸ் ஒன் படிக்கிற மகள் தோழியிடம் இரவல் வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். என்ன கதை கண்ணு என்றேன். "சும்மா ஸ்கூல் லவ் ஸ்டோரிதாங்ப்பா. காமெடியா இருக்கும். ஆனா மாடெல்லாம் வருது, உங்களுக்குப் புடிக்கும்" என்றாள். லவ் ஸ்டோரியை அப்பனிடமே தைரியமாகக் கொடுக்கிறாளே என்று வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே குழப்பம். பேசுகிறவர்கள் பதிலை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைப் பிறகு கேட்டார்கள். நான் படித்தது கடைசிப் பக்கத்திலிருந்து! ஜப்பான் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகுமாம். இங்கிலீஷில் மொழிபெயர்த்தும் அப்படியேதான் அச்சடிக்கிறார்கள். மகள் சிரித்த சிரிப்பில் கட்டுத்தரையில் மாடுகள் திரும்பிப் பார்த்தன.

கதையின் பெயர் 'சில்வர் ஸ்பூன்'. ஜப்பானில் 'கின் நோ சாஜி'. 2011இல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக ஆரம்பித்து, நடுவில் நின்று நின்று, 2019இல்தான் முடிந்திருக்கிறது. மொத்தம் 15 பாகம். தோழி படித்து முடிக்க முடிக்க ஒவ்வொரு பாகமாக சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறது. மகள் ஒரே ராத்திரியில் முடித்துவிடுவாள். என்னுடைய இங்கிலீஷுக்கு ஒரு வாரம் ஆகும்.

சரி, கதைக்கு வருவோம். ஹச்சிகென் என்று ஒரு பையன். சப்போரோ நகரத்துக்காரன். மார்க், மார்க் என்று விரட்டுகிற பள்ளிக்கூடத்தையும் அப்பாவையும் தாங்க முடியாமல், ஹாஸ்டல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஹொக்கைடோவில் ஒரு விவசாய மேல்நிலைப் பள்ளியில் போய்ச் சேருகிறான். நம்ம ஊரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி, அங்கே மூன்று வருஷம். வகுப்பறைக்குப் பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகை, பன்றிக் கொட்டகை, கோழிப் பண்ணை. பொழுது விடியுமுன் எழுந்து சாணி அள்ளிவிட்டுத்தான் பாடம். கோழிமுட்டை எந்த வழியாக வருகிறது என்று பார்த்த அன்றைக்கு அவனுக்கு முட்டையே இறங்கவில்லை. கூடப் படிக்கிற இன்னொரு பையனுக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை, ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் ஆகாது. இப்படித்தான் கதை முழுக்க.

அங்கே மிகாகே என்று ஒரு புள்ள. பால்பண்ணை வைத்திருக்கிற வீட்டில் ஒரே வாரிசு. குதிரை என்றால் உயிர். இவள் கேட்டாள் என்பதற்காகவே நம்ம பையன் குதிரையேற்றக் குழுவில் சேர்ந்துவிடுகிறான். காதல் ஆரம்பிக்கிற இடம் இதுதான். ஆனால் எட்டு பாகம் முடிந்தும் அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லப் போகிற நேரத்துக்கு ஒரு மாடு கன்று போடும், இல்லாவிட்டால் சாணி அள்ளக் கூப்பிடுவார்கள். "அட, சொல்லித் தொலைடா" என்று மோட்டார் ரூமில் நானே சத்தம் போட்டிருக்கிறேன்.

எழுதி வரைந்தது ஹிரோமு அரகாவா என்கிற அம்மா. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' வரைந்தவர் என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். ஹொக்கைடோவில் பால்பண்ணை வீட்டில் பிறந்தவர். விவசாயப் பள்ளியில் படித்து, ஏழு வருஷம் சொந்தப் பண்ணையில் வேலை செய்த பிறகுதான் டோக்கியோ போயிருக்கிறார். தன்னை வரையும்போதுகூட கண்ணாடி போட்ட பசுமாடாகத்தான் வரைந்துகொள்கிறார். இதெல்லாம் மகள் சொல்லித் தெரிந்தது. சொல்லாவிட்டாலும் பாதி கண்டுபிடித்திருப்பேன். மாட்டின் பின்பக்கம் நிற்கிறவன் எங்கே நிற்க வேண்டும் என்பது மாடு வைத்திருந்தவருக்குத்தான் தெரியும்.

ஒரு இடம் சொல்கிறேன். லீவுக்கு மிகாகே வீட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போன ஹச்சிகென், குழாயைச் சரியாக மாட்டாமல் விட்டு, கறந்த பாலையெல்லாம் கீழே ஓட விட்டுவிடுகிறான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எங்களிடம் இருப்பது நாலு மாடு. சொசைட்டிக்குக் கொண்டு போகும்போது சைக்கிள் சறுக்கி ஒரு கேன் பால் மண்ணில் போன அன்றைக்கு நான் யாரோடும் பேசவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் அவனைத் திட்டாமல், கடைசியில் கூலியும் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் காசில் அவன் என்ன செய்தான் தெரியுமா?

பள்ளிக்கூடத்துப் பன்றிக் குட்டிகளில் ஒன்று சவலை. மற்றதுகளோடு முண்டியடித்துப் பால் குடிக்கத் தெரியாது. பேர் வைக்காதே, பிறகு கஷ்டப்படுவாய் என்று சொல்லியும் கேட்காமல் அதற்கு 'பூத்தாதோன்' என்று பேர் வைக்கிறான். பன்றிக்கறி போட்ட சோற்றுக்கு அங்கே அந்தப் பேர்! வளர்ந்ததும் அது கறிக்குத்தான் போகிறது. தடுக்க முடியாது என்று தெரிந்து, கையில் இருந்த கூலியைப் போட்டு அதன் கறியை அவனே வாங்கி, உப்புப் போட்டுப் புகைமூட்டி, எல்லோருக்கும் கொடுத்துத் தானும் சாப்பிடுகிறான். எங்கள் பட்டியில் மகள் பேர் வைத்த கிடாய் ஒன்று இருந்தது. மாசித் திருவிழாவுக்கு முன்னால் அவள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் வந்து வெறும் கயிற்றைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. சொல்லிவிட்டு விற்றிருக்கலாம் என்று இந்தப் பாகத்தைப் படித்தபோது தோன்றியது.

அதுவரைக்கும் சிரிப்புதான். பிறகு கொமாபா வருகிறான். மிகாகே வீட்டுப் பக்கத்துப் பண்ணைக்காரப் பையன், நல்ல பேஸ்பால் ஆட்டக்காரன். அம்மா ஒருத்தியாகப் பண்ணையைப் பார்க்கிறாள். ஆட்டத்தில் பேர் எடுத்து, சம்பாதித்து, பண்ணையை மீட்டுவிடலாம் என்று அவன் கணக்கு. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் தோற்கிறார்கள். கடன் முற்றிப் பண்ணையை மூடுகிறார்கள். மாடுகள் ஒவ்வொன்றாக வண்டி ஏறுகின்றன. அந்தக் கடனுக்கு ஜாமீன் போட்டது மிகாகே வீடு. அதனால் அவர்கள் குதிரைகளை விற்க வேண்டி வருகிறது. அந்தப் புள்ளையின் குதிரைகளை.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் அப்பா ஒருத்தருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, கிணற்றடி ஒரு ஏக்கரை விற்றது எனக்குப் பத்தாவது படிக்கும்போது. கையெழுத்து வாங்கினவர் கெட்டவர் இல்லை. கொமாபா அம்மாவும் கெட்டவள் இல்லை. சும்மா லவ் ஸ்டோரி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, இதைக் கொண்டுவந்து வைத்தால் எப்படி?

இதற்கு நடுவில்தான் மிகாகே வீட்டில் உட்கார்ந்து வாய் திறக்கிறாள். பண்ணையைத் தான் எடுத்து நடத்தப் போவதில்லை, குதிரை சம்பந்தப்பட்ட வேலைக்குப் போக வேண்டும் என்று. வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்திருந்தது. எல்லோரும் அவள்தான் பண்ணைக்கு வாரிசு என்று பேசிப் பேசியே அவளைப் பேசவிடாமல் வைத்திருந்தார்கள். ஹச்சிகென்கூட முதலில், உனக்கென்ன, வழி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பொறாமைப்பட்டவன்தான். பிறகு அவன்தான் அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறான். அவள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். காலேஜ் பரீட்சைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பொறுப்பு எடுத்துக்கொள்கிறான். காதலைச் சொல்லாத பயல் இவ்வளவையும் செய்கிறான்.

எனக்கு மகள் ஒருத்திதான். யார் கேட்டாலும் "பாப்பா பாத்துக்கும்" என்பேன். ரெண்டரை ஏக்கரையும் மாட்டையும் காட்டி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்தில்தான் நின்றிருப்பாள். அந்த மிகாகே அப்பாவும் நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் தானாகக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கறவை நேரத்தில் கேட்டேன். அவள் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் மாட்டின் மடியைப் பார்த்தபடியே கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வரவில்லை.

"கண்ணு, அந்தக் குதிரைக்காரப் புள்ள மாதிரி உனக்கும் ஏதாச்சும் இருக்குதா?"

ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு, "சி.ஏ. படிக்கோணுங்ப்பா. சென்னைக்குப் போயி" என்றாள். கொஞ்சம் விட்டு, "எனக்கு மாடு புடிக்குங்ப்பா. ஆனா தினமும் நாலு மணிக்கு எந்திரிக்க முடியாது" என்றாள்.

சரி கண்ணு, படி என்று உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் சொல்லவில்லை. "பாலு சொசைட்டிக்கு நேரமாச்சு" என்று கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ராத்திரி மடை மாற்றும்போது இந்தக் காட்டில் எனக்குப் பிறகு யார் நிற்பார்கள் என்ற நினைப்புதான். பதில் கிடைக்கவில்லை, ஒரு பாத்தியில் தண்ணி உடைத்துக்கொண்டு போனதுதான் மிச்சம்.

விடிகாலை வீட்டுக்கு வந்தபோது அவள் விழித்துப் படித்துக்கொண்டிருந்தாள். "அந்த சி.ஏ.வுக்கு எவ்வளவு செலவாகும்னு விசாரிச்சு வை" என்றேன். தலையை ஆட்டினாள். "எத்தனை பாகம் முடிச்சீங்க?" என்று கேட்டாள். எட்டு என்றேன். "அப்ப இன்னும் நெறைய இருக்குதுங்ப்பா" என்றாள்.

இதைக் கேட்கட்டும் என்றுதான் எனக்குப் புத்தகத்தைக் கொடுத்தாளா, இல்லை மாடு வருகிறது என்று சும்மா கொடுத்தாளா? இன்னும் நான் கேட்கவில்லை. அவள் அம்மாவிடம் இன்னும் ரெண்டு பேருமே சொல்லவில்லை.

நாளைக்கு சனிக்கிழமை. ஒன்பதாவது பாகம் வருகிறது. இந்த வாரம் பகல் கரண்ட் என்பதால் எங்கே உட்கார்ந்து படிப்பது என்றுதான் யோசனை.