வீட்டு வரியில் மாணவர் பங்கு



சென்ற அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், மாலைப் பாடம் முடிந்து மதரஸாவில் கிதாபுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஓதும் சிறுமி ஒருத்தியின் தாயார் வாசலில் வந்து நின்றார். அவருடைய கணவர் ஓசூர் சிப்காட்டில் தொழிலாளி. மூத்த மகன் அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூருக்குப் பேருந்தில் சென்று கல்லூரியில் பயில்கிறான். நடு மகள் பன்னிரண்டாம் வகுப்பு. குடும்பம் முழுவதும் வாழ்வது இரண்டே அறைகள் கொண்ட சிறு வீட்டில்.

“ஹஜ்ரத், என் அண்ணன் மகன் இங்கிலாந்தில் படிக்கிறான். அங்கே மாணவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வரியே இல்லையாம். எங்கள் வீட்டில் மூன்று பேர் படிக்கிறார்கள். நமக்கும் அப்படி ஏதாவது சலுகை உண்டா?” என்று கேட்டார்.

நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். வரி விவகாரம் அறியேன். “விசாரித்துச் சொல்கிறேன் அம்மா” என்று அனுப்பிவைத்தேன். விசாரித்தபோது என் அறியாமையே எனக்குப் பாடமாயிற்று.

அந்தப் பிள்ளை சொன்னது மெய்தான். இங்கிலாந்தில் 1993ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள உள்ளாட்சி வரி, வீட்டின் மதிப்போடு அதில் வாழும் பெரியவர்களின் எண்ணிக்கையையும் கருதுகிறது. வீட்டிலுள்ள அனைவரும் முழுநேர மாணவர்களாயின் வரி இல்லை. அவர்களோடு மாணவரல்லாத பெரியவர் ஒருவர் மட்டும் இருப்பின் 25 விழுக்காடு தள்ளுபடி.

நம் நாட்டு வழக்கம் வேறு. இங்கே சொத்து வரி கட்டடத்தைப் பார்க்கிறதே அன்றி, உள்ளே வாழும் மனிதரைப் பார்ப்பதில்லை. பரப்பு எவ்வளவு, எந்தத் தெரு, குடியிருப்பா கடையா என்பவையே கணக்கு. 2022ஆம் ஆண்டு வரி உயர்த்தப்பட்டபோதும், சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1200 சதுர அடி வரை 50 விழுக்காடு எனப் பரப்பை வைத்தே உயர்வு அமைந்தது. நகராட்சிகளுக்கான 1920ஆம் ஆண்டுச் சட்டம் வழிபாட்டுத் தலங்களுக்கும், கல்விக்கூடங்களுக்கும், அவற்றைச் சார்ந்த விடுதிகளுக்கும் விலக்களித்தது. மாணவன் வாழும் வீட்டுக்கு அளிக்கவில்லை.

அப்படியானால் அந்தத் தாய்க்கு “இல்லை” என்று சொல்லி முடித்துவிடலாமா? இரண்டு செய்திகள் என்னைத் தடுத்தன.

ஒன்று: அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும், வரி செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். இது எல்லா வீட்டாருக்கும் உரியது.

மற்றொன்று: நாம் செலுத்தும் சொத்து வரியோடு, ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்கிறது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் அவர்களின் முயற்சியால் 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி உள்ளாட்சி அமைப்புகள் இந்த வரியை வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். மாணவருக்கென வரியைக் குறைக்காத நம் சட்டம், மாணவருக்கென நம்மிடமே ஒரு தொகையை வாங்கி வைத்திருக்கிறது!

வாசகர்களே, வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். பதினொரு ஆண்டுகளாகச் சொந்த வீட்டுக்கு வரி செலுத்துகிறேன். எப்போதும் கெடு முடியும் வேளையில் ஓடிப்போய்க் கட்டியதால் ஊக்கத்தொகை ஒரு முறையும் கிட்டியதில்லை. என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்த ஆண்டில் பக்கத்து மனையில் கட்டட வேலை, ஓயாத இரைச்சல். அமர்ந்து படிக்க இடமின்றி அலைந்தான், கணக்கில் தவறினான். கவனம் போதவில்லை என்று அவனைத்தான் கடிந்துகொண்டேன். நடந்து போகும் தொலைவில் நூலகம் இருந்தது. அதற்கான வரியை நானே செலுத்தியிருந்தேன். ஆயினும் அவனை ஒரு நாளும் அங்கே அழைத்துச் சென்றேனில்லை. மறுதேர்வில் அவன் தேறிவிட்டான் என்றாலும், அந்தக் கடுஞ்சொல்லை நான் திரும்பப் பெற முடியுமா?

மறுநாளே அந்தத் தாயிடம் அனைத்தையும் விளக்கினேன். அக்டோபர் முடியுமுன் வரி செலுத்தினார்கள். மீந்த சிறு தொகை, நடு மகளின் நூலக உறுப்பினர் கட்டணத்துக்குப் போதுமானதாயிற்று. இப்போது மாலை நேரங்களில் அவள் நூலகத்தில் அமர்ந்து படிக்கிறாள். என் இளைய மகளும் உடன் செல்கிறாள்.

லைன் வீடுகளில் வாடகைக்கு வாழும் சகோதரர்கள் “வரி கட்டுவது வீட்டுக்காரர்தானே” என்று விலகி நிற்க வேண்டாம். அவர் கட்டும் வரியும் உங்கள் வாடகைக்குள் அடக்கம்தான். நூலகத்தின் கதவோ எல்லோருக்கும் பொது.

இன்றே உங்கள் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். பிறகு, உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நான் தாமதித்ததைப் போல் நீங்கள் தாமதிக்க வேண்டாம்.