கயிறு கட்டிய தெருக்கள்

சிலி நாட்டின் தென்கோடியில், மகெல்லன் நீரிணையின் கரையில் புந்தா அரேனாஸ் என்ற துறைமுக நகரம் இருக்கின்றது. 2024 ஜனவரியில் தலைநகர் சந்தியாகோவில் நடந்த பயிற்சிநெறி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அது முடிந்தபின் கையிலிருந்த நான்கு நாட்களை அங்கே கழிப்பதென்று தீர்மானித்தேன். "கடல் தாண்டிப் போனது காணாதெண்டு அந்தத் தொங்கலுக்கும் போகவேணுமோ பிள்ளை?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். போகவேண்டிய காரணம் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

சந்தியாகோவிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய மூன்றரை மணித்தியாலம். தரைவழியாகப் போவதென்றால் அயல்நாடான ஆர்ஜன்ரீனாவுக்குள் நுழைந்துதான் போகவேண்டும். மலைகளும் பனியாறுகளும் குறுக்கே கிடப்பதால் சிலிக்குள்ளேயே தொடர்ச்சியான வீதி கிடையாது. சொந்த நாட்டுக்குள் போய்வர இன்னொரு நாட்டின் சோதனைச்சாவடியைத் தாண்டவேண்டும் என்றால் எப்படியிருக்கும் என்பதை, பாதை மூடியிருந்த காலத்தில் வாழ்ந்த எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

காற்றைப் பற்றித்தான் முதலில் எழுதவேண்டும். எமது கச்சான் போல இதுவும் மேற்கிலிருந்தே வீசுகின்றது. ஆனால் கச்சான் சுடும், இது வெட்டும். ஜனவரி அவர்களுக்குக் கோடைகாலம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கின்றது. ஆயினும் பகலில் சராசரியாகப் பதினைந்து பாகை அளவில்தான் இருக்கும். காற்று கூடுதலாக அடிப்பதும் இந்தக் கோடையில்தான். மணிக்கு 130 கிலோமீற்றர் வேகம் வரை வீசும் என்கிறார்கள். அப்படியான நாட்களில் நகரின் மையத்தில் மக்கள் பிடித்துக்கொண்டு நடப்பதற்காக மாநகரசபை தெருவோரம் கயிறு கட்டி விடுகின்றது. நான் போன இரண்டாம் நாளே கயிறு கட்டியிருந்தார்கள். சந்தைப் பையோடு வந்த ஒரு மூதாட்டி எனக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தபடி நடந்தார். திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னோடு வந்த பல்கலைக்கழக மாணவி மொழிபெயர்த்தாள்: "இந்தப் பிள்ளைக்கு நிறை காணாது, சட்டைப்பைக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு வரச்சொல்லு." அந்த மாணவி இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

வெயில் வந்தாலும் நிம்மதி இல்லை. தென்துருவத்துக்கு மேலேயுள்ள ஓசோன் ஓட்டை வசந்தகாலத்தில் இவ்வூர் வரை நீண்டு வருவதுண்டு. எனவே சூரியனுக்கும் ஒழித்து வாழப் பழகியிருக்கிறார்கள்.

1848இல் தண்டனைக் குடியேற்றமாகத் தொடங்கிய ஊர் இது. அத்திலாந்திக் கடலிலிருந்து பசிபிக் போகும் கப்பல்கள் பல இந்த நீரிணையால் சென்றதால் வளர்ந்தது. 1914இல் பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டதும் கப்பல்கள் குறைந்தன. அதற்கிடையில் ஆட்டு உரோமத்தால் சில குடும்பங்கள் கோடீஸ்வரர்களாகிவிட்டன. அவற்றின் மாளிகைகள் நகரச் சதுக்கத்தைச் சுற்றி இன்றும் நிற்கின்றன.

அவற்றில் ஒன்று சாரா பிரவுண் என்ற பெண்ணுடையது. ரஷ்யப் பேரரசிலிருந்து பெற்றோருடன் சிறுமியாக இங்கு வந்த யூதப் பெண். 1893இல் கணவர் இறந்தபின் பெரும் வியாபாரத்தைக் கையில் எடுத்து நடத்தினார். நகர மயானத்தின் பெரிய வாசலைக் கட்டுவித்தவரும் அவரே. தன் உடல் அதனூடாகப் போனபின் நடுக்கதவை என்றைக்கும் மூடிவிடவேண்டும் என்று நிபந்தனை போட்டார் என ஊரில் ஒரு கதை உண்டு. விதவைப் பெண் ஒருவரின் சாதனையாக வழிகாட்டிகள் இதைச் சொல்லும்போது எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பின்பு அந்தச் செல்வம் எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்கவேண்டியிருந்தது. அவருடைய கணவருக்கு 1890இல் அரசு பத்து இலட்சம் ஹெக்டேயர் நிலத்தை நீரிணைக்கு அப்பாலுள்ள தியரா டெல் ஃபுவேகோ தீவில் வழங்கியது. அது வெறும் நிலம் அல்ல, செல்க்நாம் என்ற ஆதிக்குடிகளின் வேட்டை நிலம். ஆட்டுப் பண்ணைகளுக்காக அம்மக்கள் சுடப்பட்டார்கள். சுட்டவர்களுக்குக் கூலியும் கொடுக்கப்பட்டது. எஞ்சியவர்களில் பலரை டோசன் தீவிலுள்ள மிஷனுக்குக் கொண்டுபோனார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் நடந்தது அது. அங்கே நோய் வந்து நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். 1911இல் மிஷன் மூடப்பட்டது. செல்க்நாம் மக்கள் அழிந்துவிட்டார்கள் என்றே பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் எழுதின. அவர்களின் சந்ததியினர் விடாது கேட்டுக் கேட்டு, 2023இல் சிலியின் சட்டம் அவர்களை உயிரோடுள்ள ஓர் இனமாக ஏற்றுக்கொண்டது. உயிரோடிருப்பதற்குச் சட்டத்தின் அத்தாட்சி!

நோபல் பரிசு பெற்ற கவிஞர் கப்ரியேலா மிஸ்ட்ரல் 1918 முதல் 1920 வரை இங்குள்ள பெண்கள் பாடசாலையில் அதிபராக இருந்தார் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன். இந்த இருட்டும் காற்றும் அவருடைய முதல் கவிதை நூலில் இருக்கின்றன என்பார்கள்.

நான் போன காரணம் அந்த டோசன் தீவுதான். 1973 செப்ரெம்பர் 11 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும், ஜனாதிபதி அலெண்டேயின் அமைச்சர்களை அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள். அது வெளியுலகுக்குத் தெரிந்த கதை. அவர்களைவிட மிக அதிகமாக இந்த ஊரின் சாதாரண மனிதர்களும் அங்கே அடைக்கப்பட்டார்கள். தொழிற்சங்கத்தினர், ஆசிரியர்கள், மாணவர்கள். கைதிகள் கடற்கரைக் கறுப்புக் கற்களைத் தேய்த்துப் பதக்கங்கள் செய்தார்கள். மிகுவேல் லவ்னர் என்ற கட்டடக் கலைஞர் முகாமைக் காலடியால் அளந்து மனதில் பதித்து, பின்னர் டென்மார்க்கில் அகதியாக இருந்தபோது வரைபடமாக வரைந்தார். முகாம் 1974இல் மூடப்பட்டது. சாட்சிக்கு வரைபடம் இருந்தது.

நகரத்திலிருந்து தெற்கே கரையோர வீதியால் போனால், தெளிவான நாளில் தீவு தெரியும். என்னை அங்கே கூட்டிச்சென்றவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண். பெயர் எழுதவில்லை. 1973இல் அவருக்குப் பதினொரு வயது. தந்தை துறைமுகத் தொழிலாளி. பிடித்துப்போய்ப் பதினொரு மாதம் தீவில் வைத்திருந்தார்கள். தாயார் கிழமைதோறும் பின்னல் காலுறைகளோடு முகாம் வாசலுக்குப் போவார். அங்கே காவலுக்கு நின்ற சிப்பாய் இவர்களுடைய ஒழுங்கையில் மூன்றாவது வீட்டுக்காரன். காலுறையை வாங்கி வைப்பான், தெரியாதவன் போல நிற்பான்.

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன, அப்பா வந்தார். அவனும் அங்கேதான் இருந்தான். ஊரில் நல்ல ரொட்டிக்கடை ஒன்றுதான். காலையில் எல்லோரும் அங்கேதான் வரிசையில் நிற்கவேண்டும்."

எத்தனையோ பயிற்சிப்பட்டறைகளில் நல்லிணக்கம் என்ற சொல்லைப் பெரிய தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ரொட்டிக்கடை வரிசையைப் பற்றி எந்தக் கையேட்டிலும் நான் வாசித்ததில்லை. முப்பது வருடம் அவருடைய தாயார் அந்த மனிதனுக்கு முகம் கொடுக்கவில்லை. ஆனால் அவனுடைய மனைவி இறந்தபோது செத்தவீட்டுக்குப் போய் இரவு முழுக்க இருந்தாராம். "மன்னித்துவிட்டாரா?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனுக்காகப் போகவில்லை. அப்பா தீவில் இருந்த காலத்தில் இரவில் பின்கதவால் வந்து எங்களுக்கு மா கடன் தந்தவள் அவள். அவனுக்குத் தெரிந்தால் அடி விழும் என்று தெரிந்தும் தந்தாள். அம்மா அவளுக்காகப் போனார். அவனோடு அன்றைக்கும் பேசவில்லை."

அடுத்தநாள் கொலோன் நிழற்சாலையிலுள்ள பழைய கடற்படை வைத்தியசாலையைக் காட்டினார். அங்கே வைத்துத்தான் விசாரணை என்ற பெயரில் சித்திரவதை செய்தார்கள். 'புன்னகை மாளிகை' என்று அதற்குப் பெயர். அவர் உள்ளே வரவில்லை, நானும் கேட்கவில்லை. காற்றுக்கு ஒதுங்கி எதிர்ப்பக்கச் சுவரோடு நின்றோம். இந்த ஊர் பயந்தே கிடந்தது என்று நினைக்கக்கூடாது என்றார். 1984 பெப்ரவரி 26 அன்று சர்வாதிகாரி பினோசே இங்கே வந்தபோது, நகரச் சதுக்கத்தில் அவருடைய முகத்துக்கு நேரே மக்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். அவரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார்.

தந்தை திரும்பி வந்த வீடு அவருடையது. வராத வீடுகளுக்காகவும் அவர் சங்கத்தில் வேலை செய்கிறார். சிலியில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் 1,469 பேர் என்று அரசே ஏற்றுக்கொண்டிருக்கின்றது. அவர்களில் 307 பேரின் எச்சங்களே 2023 வரை அடையாளம் காணப்பட்டிருந்தன. இதே ஊரில் 1986இல் பிறந்த கப்ரியேல் போரிச் ஜனாதிபதியாக இருந்தபோது, 2023 ஆகஸ்ட் 30 அன்று, மற்றவர்களைத் தேடும் பொறுப்பை அரசின் திட்டமாக அறிவித்தார். ஐம்பது வருடத்துக்குப் பிறகு. அதுவரை தேடியது குடும்பங்கள், பெரும்பாலும் பெண்கள். "அறிவித்தபோது சந்தோசப்பட்டீர்களா?" என்றதற்கு, "என்னோடு தொடங்கிய பலர் செத்துப்போனார்கள்" என்றார்.

கடைசி நாள் மாலை அவருடைய வீட்டில் தேநீர் குடித்தோம். யன்னல் கண்ணாடி அடித்துக்கொண்டேயிருந்தது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தாய்மார் தெருவோரம் உட்காரத் தொடங்கியதைப் பற்றிச் சொன்னேன். நான் எதிர்பார்த்த கேள்விகள் எதையும் அவர் கேட்கவில்லை. கொட்டகைக்குக் கூரை என்ன, மழைக்கு ஒழுகாதா, இரவில் யார் இருப்பது, கழிப்பறைக்கு எங்கே போவார்கள், நோய்வாய்ப்பட்டவர்களுக்கு மருந்து யார் வாங்கிக்கொடுப்பது, வரமுடியாமற்போன தாய்மாரை யாராவது வீட்டில் போய்ப் பார்க்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். சிலவற்றுக்கு ஊருக்குப் போய் விசாரித்து எழுதுகிறேன் என்றேன். மாணவி மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேயிருந்தார்.