கேமரன் மலைச் சாலையில் கிளட்ச் சொன்ன சேதி

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் கூட்டரசு சாலையில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், நடுவே ஓயாத வளைவுகள். சிம்பாங் பூலாய் வழி இதைவிட அகலமானது. ஆனாலும் மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் இளைஞர்கள் பலருக்கு இந்தப் பழைய சாலைதான் பிடிக்கும். இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் இடையே கை ஓயாது.

கிளட்சுக்கும் ஓய்வு கிடையாது. பள்ளி விடுமுறையில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி அருகே வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். நிற்க, நகர, மறுபடி நிற்க என்று பெடலை எத்தனை முறை மிதிக்கிறோம் என்பதற்குக் கணக்கில்லை.

சென்ற விடுமுறையில் அக்காள் மகனின் ஆறு கியர் ஜப்பானியக் காரில் போனோம். பின்னிருக்கையில் அக்காவும் பிள்ளைகளும். ரிங்லெட்டை நெருங்கும்போது கிளட்ச் பெடல் பஞ்சாகிப் போனது. முதல் கியர் விழ மறுத்தது. ரிவர்ஸ் போட்டால் பற்கள் உரசும் சத்தம்.

"கிளட்ச் தேஞ்சு போச்சு மாமா. கியர்பாக்ஸை இறக்கணும்" என்றான் அவன். முகத்தில் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கவலை.

கிளட்ச் தட்டு தேய்ந்தால் அடையாளம் வேறு: எஞ்சின் உறுமும், வண்டி ஏறாது, கருகிய வாடை வரும். இங்கே நேர்மாறு. எஞ்சினை நிறுத்தினால் எல்லாக் கியரும் சுலபமாக விழுந்தன. அப்படியென்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பெடலை நாலைந்து முறை விரைவாக மிதித்ததும் கொஞ்சம் இறுகியது. குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று சந்தேகப்பட அது போதும்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை வாங்கி கிளட்ச்சை விடுவிக்கும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். சிறிது காற்று புகுந்தாலும், பெடல் தரையைத் தொட்ட பிறகும் ஸ்லேவ் பாதிதான் நகரும்.

ரிங்லெட் பட்டறைக்காரர் பெரியவர். "மொதல்ல எங்க ஒழுகுதுன்னு பாப்போம் தம்பி, கழட்டுறத அப்புறம் பேசலாம்" என்றார். பெடலுக்கு மேலே விரலால் தடவினார், காய்ந்திருந்தது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் கறுத்த எண்ணெய் வடிந்தது. உள்ளே சீல் போயிருந்தது.

எங்குமே ஒழுகாமல், மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் உள் சீலைச் சந்தேகிக்க வேண்டுமாம். ஸ்லேவ் முழுதாக நகர்ந்தும் கிளட்ச் விடுபடாவிட்டால்தான் கியர்பாக்ஸை இறக்கும் பேச்சே.

எண்ணெயை நிரப்பிக்கொண்டு மெதுவாக இறங்கிவிடலாமா என்று கேட்டான் அக்காள் மகன். பெரியவர் தலையாட்டவில்லை. "இதே எண்ணெய்தான் தம்பி பிரேக்குக்கும்."

பல கார்களில் இரண்டுக்கும் ஒரே தொட்டிதான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். 3.7 விழுக்காடு நீர் கலந்த பிறகு 155 டிகிரி தாங்கினாலே தரத்தில் தேறிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி அந்த எண்ணெய் கொதித்தால், குமிழி கட்டி பிரேக் பெடலும் பஞ்சாகும். ஏற்றத்தில் கிளட்ச் போனால் பயணம் நிற்கும். இறக்கத்தில் பிரேக் போனால் வண்டி நிற்காது.

புதிய ஸ்லேவ் சிலிண்டர் மறுநாள்தான் ஈப்போவிலிருந்து வந்தது. அதுவரை தானா ராத்தாவில் தங்கினோம். காலையில் வாடகைக் காரில், 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். நம்மவர்கள் தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளிய சரிவுகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட அக்காவுக்கு நேரம் கிடைத்தது.

மாலையில் பெரியவர் கீழே நிப்பிளைத் திறக்க, அக்காள் மகன் பெடலை மிதிக்க, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார்கள். நான்கு சக்கரங்களின் பிரேக் எண்ணெயும் மாற்றப்பட்டது.

மலையேறத் திட்டமிடுபவர்கள் கிளம்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து அந்தச் சின்னத் தொட்டியைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தாலோ, நிறம் கறுத்திருந்தாலோ பட்டறைக்குப் போங்கள். பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது நல்லது. இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்குங்கள், பிரேக்குக்குச் சற்று ஓய்வு கிடைக்கும்.